நாலை விட அஞ்சு பெரிசு என்று நினைத்தேன்: காட்டுப்பாதை வண்டியும் ஏழு ஆண்டு கியர்பாக்ஸ் ஆயிலும்

ஐந்து கியர் மேனுவல், தனி ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி), லோ ரேஞ்ச் (வேகம் குறைந்து இழுவை கூடும் நிலை), முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். இந்த வண்டி என் கைக்கு வந்து ஏழு ஆண்டுகள், 96,000 கிலோமீட்டர். அதில் கால்வாசிக்கு மேல் தார் பார்க்காத தடம். இதுவரை கியர்பாக்ஸ் ஆயிலை ஆறு முறை மாற்றியிருக்கிறேன். ஒன்று என் அறியாமைக்காக, இரண்டு ஒரு ஆற்றுக்காக. மீதி மூன்றுதான் முறைப்படி செய்தவை.

என்ஜின் ஆயில் பற்றி விடிய விடியப் பேச ஆள் உண்டு. கியர்பாக்ஸ் என்றால் "நைன்டி ஆயில் ஊத்திடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். வண்டி வாங்கிய வாரத்தில் டிஃப்ரன்ஷியலுக்கு, அதாவது ஆக்ஸிலின் நடுவே விசையை இரு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரத் தொகுதிக்கு, ஜிஎல்-5, 80டபிள்யூ-90 வாங்கி ஊற்றினேன். ஜிஎல் எண் கியர் ஆயிலின் வகையைச் சொல்வது, 80டபிள்யூ-90 அதன் தடிமனைச் சொல்வது. கேனில் மிச்சம் இருந்தது. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று கையேட்டில் தெளிவாகப் போட்டிருந்ததைப் பார்க்கத்தான் செய்தேன். நாலை விட அஞ்சு பெரிசு, மேடும் பள்ளமும் ஏறுகிற வண்டிக்குப் பலமான ஆயில் நல்லதுதானே என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். மெக்கானிக்கும், "ஊத்துங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார். மிச்சத்தை கியர்பாக்ஸில் ஊற்றிவிட்டேன்.

முதல் சில நாள் ஒன்றும் ஆகவும் இல்லை. பிறகு ஒரு குளிர்ந்த காலையில் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது 'கர்ர்' என்றது. சூடானால் சரியாகிவிடும் என்று விட்டேன். சில மாதங்களில் சூடானாலும் கேட்டது. மேட்டில் வேகம் விழுவதற்குள் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டியிருக்கும்போது கியர் விழாமல் நின்றது. கிளட்ச்தான் என்று அதைப் பிரித்து, ஃப்ளூயிட் மாற்றி, காற்று எடுத்து, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். கிளட்ச் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கியர் மாற்றும்போது உள்ளே நடப்பது இதுதான். சிங்க்ரோ ரிங் என்ற பித்தளை வளையம், அடுத்துச் சேரப்போகும் கியரின் கூம்பு முகத்தில் போய் உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்குகிறது. வேகம் ஒத்துப்போன பிறகுதான் ஸ்லீவின் (கியரைத் தண்டோடு பூட்டும் நகரும் வளையம்) பற்கள் அமைதியாக உள்ளே நுழையும். அந்த வளையத்தின் உட்புறம் நுண்ணிய வரிகள் வெட்டியிருப்பார்கள். நடுவில் இருக்கும் ஆயில் படலத்தை வழித்துத் தள்ளிவிட்டு உலோகம் உலோகத்தைப் பிடிப்பதற்காக. ஆக, கியர்பாக்ஸ் ஆயில் ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர் வேலை செய்ய வேண்டும்: பற்களுக்கு வழுக்கல் தர வேண்டும், வளையத்துக்குப் பிடிப்பை விட்டுவைக்க வேண்டும்.

ஜிஎல்-5 உருவானது வேறு இடத்துக்காக. டிஃப்ரன்ஷியலில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் மையக்கோட்டுக்கு நேராக இல்லாமல் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் அந்தப் பற்கள் உருள்வதோடு நில்லாமல், கடும் அழுத்தத்தில் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்தபடி சறுக்கும். அங்கே சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதற்காகத்தான் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த உயர் அழுத்தச் சேர்மானம். ஜிஎல்-5-ல் இது ஜிஎல்-4-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. கேனைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் இதனுடையதுதான். அந்தச் சேர்மானம் பற்களைக் காப்பாற்றுகிற அதே வேகத்தில் சிங்க்ரோ வளையத்தை வழுக்க விட்டுவிடுகிறது. எண் ஏறுவது தரம் ஏறுவது இல்லை, இடம் மாறுவது.

ஜிஎல்-5 பித்தளையைத் தின்றுவிடும் என்று பலரும் பயமுறுத்துவார்கள். கந்தகம் அதிகச் சூட்டில் செம்பு கலந்த உலோகங்களைத் தாக்கக்கூடியது என்பது உண்மை. ஆனால் அதைத் தடுக்கும் சேர்மானமும் இன்றைய நல்ல ஆயில்களில் உண்டு. என் அனுபவத்தில் அரிப்பை விட வழுக்கல்தான் முதலில் கைக்குத் தெரியும் தொல்லை. அரிக்குமா அரிக்காதா என்று வாதாடிக்கொண்டிருக்கும்போதே வளையம் சரியாகப் பிடிக்காமல் உரசி உரசித் தேய்ந்துவிடுகிறது.

7,000 கிலோமீட்டரில் அந்த ஆயிலை இறக்கினேன். ஆயில் இறக்கும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம். அது எல்லா கியர்பாக்ஸிலும் வருவதுதான். என்னைக் கவலைப்பட வைத்தது வேறு. வெயிலில் தட்டைச் சாய்த்தபோது ஆயிலுக்குள் பொன்தூள் மாதிரி மினுமினுப்பு. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன், அசையவில்லை. பித்தளை. அத்தனையும் மூன்றாம் கியரின் வளையமாகத்தான் இருக்க வேண்டும்.

ஜிஎல்-4, 80டபிள்யூ-90 மினரல் ஊற்றிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. 'கர்ர்' முக்கால்வாசி போய்விட்டது. மீதி கால்வாசி இன்றுவரை போகவில்லை. தேய்ந்த வளையத்தை எந்த ஆயிலும் வளர்த்துத் தராது.

கேனில் ஜிஎல்-4, ஜிஎல்-5 இரண்டுக்கும் பொருந்தும் என்று சேர்த்துப் போட்டிருக்கும் ஆயிலை நான் கியர்பாக்ஸில் தொடுவதில்லை. ஜிஎல்-5 அளவுக்குச் சேர்மானம் இருந்தால்தான் அந்தப் பெயரைப் போட முடியும்; அப்புறம் ஜிஎல்-4 எங்கே இருந்து வரும்? அதற்காக ஜிஎல்-4 எல்லாருக்கும் மருந்து என்றும் சொல்ல மாட்டேன். தொழிற்சாலையிலேயே ஜிஎல்-5-க்காகக் கட்டிய மேனுவல் கியர்பாக்ஸ்களும் இருக்கின்றன. லேண்ட் ரோவரின் பழைய எல்டி77 கியர்பாக்ஸ் கேட்பது ஆட்டோமேட்டிக் கியருக்கான மெல்லிய ஏடிஎஃப். அதன் முதுகிலேயே ஒட்டியிருக்கும் எல்டி230 ட்ரான்ஸ்ஃபர் பாக்ஸ் கேட்பது கெட்டியான கியர் ஆயில், இபி90. ஒட்டிப் பிறந்த இரண்டுக்கே இரண்டு ஆயில். கையேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து போனில் வைத்திருக்கிறேன். மெக்கானிக் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவேன்.

அடுத்தது தடிமன். கேனில் 90 என்று பார்த்ததும் என்ஜின் ஆயில் 40-ஐ விட இரண்டு மடங்கு கெட்டி என்று தோன்றும். இரண்டும் வேறு வேறு அளவுகோல். 90 என்ற கியர் ஆயிலின் தடிமன், 100 டிகிரி சூட்டில் 13.5 முதல் 18.5 வரை சென்டிஸ்டோக்ஸ் (தடிமனை அளக்கும் அலகு). என்ஜின் ஆயில் 40-ம் 50-ம் கிட்டத்தட்ட அங்கேதான் வரும். 80டபிள்யூ-90 என்பதில் முன்னால் இருக்கும் எண் குளிருக்கானது. 80டபிள்யூ-க்கு மைனஸ் 26 டிகிரி வரை ஓட்டம் உறுதி, 75டபிள்யூ-க்கு மைனஸ் 40 வரை. நான் ஓட்டும் இடத்தில் அவ்வளவு குளிர் இல்லையே, எதற்கு 75 என்று முதலில் நானும் கேட்டவன்தான். ஆனால் மினரல் 80டபிள்யூ-90 சாதாரணக் காலைக் குளிரிலேயே அசைய மறுக்கும் கெட்டித்தனம் காட்டியது. கெட்டி ஆயிலை வளையத்தால் வழித்துத் தள்ள முடியாது. முதல் சில கிலோமீட்டர் கியர் இழுவையாக இருக்கும். மூன்றாம் முறை சிந்தெடிக் 75டபிள்யூ-90, அதே ஜிஎல்-4, ஊற்றினேன். காலை முதல் கியர் மாற்றத்திலேயே கை உணர்ந்தது. சத்தம் குறைந்ததா என்றால் இல்லை. எரிபொருள் மிச்சமானதாகவும் நான் எதையும் பார்க்கவில்லை.

"தேய்ஞ்ச பெட்டிக்கு ஒன்-ஃபார்ட்டி ஊத்துங்க, சத்தம் அடங்கும்" என்று 90-ஐ விடக் கெட்டியான 140 ஆயிலை யோசனை சொன்னவர்களும் உண்டு. அடங்கும்தான். கூடவே சிங்க்ரோவும் அடங்கிவிடும்.

இனி அந்த ஆற்றின் கதை. ஐந்தாம் ஆண்டில், இரண்டு மணி நேரம் லோ ரேஞ்சில் ஏறி இறங்கிக் கொதித்துக்கொண்டிருந்த வண்டியை நேராகத் தண்ணீரில் இறக்கினேன். நடுவில் கல்லில் மாட்டிப் பத்து நிமிடம் நின்றோம். சூடான இரும்புக் கூடு சட்டென்று குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய காற்று வெளியிலிருந்து எதையாவது இழுக்கும். ப்ரீதர், அதாவது பெட்டி மூச்சு விடும் துளை, தண்ணீருக்கு மேலே இருந்தால் காற்றை இழுக்கும். என் ப்ரீதர் பெட்டியின் தலையிலேயே ஒரு சின்ன மூடியாக இருந்தது, அதுவும் சேற்றில் அடைத்துக்கொண்டு. இழுக்க வழியில்லாத பெட்டி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலின் உதடு வழியாகத் தண்ணீரையே இழுத்துக்கொண்டது. மறுநாள் ஆயில் அளவு பார்க்கும் லெவல் போல்ட்டைத் திறந்தால் பால் ஊற்றிக் கலக்கினாற்போல் வெளுத்த ஆயில்.

ஓட்டினால் ஆவியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். என்ஜின் அளவுக்கு கியர்பாக்ஸ் சூடாவதில்லை. தண்ணீர் உள்ளேயே தங்கி பேரிங்கைத் துருவேற்றும். வெளுத்த ஆயிலை இறக்கி, விலை குறைந்த ஜிஎல்-4 மினரலை ஊற்றி, இருபது கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, சூட்டோடு அதையும் இறக்கி, பிறகுதான் சிந்தெடிக் ஊற்றினேன். அந்த வாரமே கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு ஆக்ஸில் என்று நான்கு ப்ரீதர்களுக்கும் குழாய் போட்டு பானட்டுக்குள் உயரத்தில் ஏற்றிக் கட்டினேன். இத்தனை ஆண்டில் இந்த வண்டிக்குச் செய்ததில் மிக மலிவான, மிக உருப்படியான வேலை அதுதான். அதை விட்டுவிட்டு ஆயில் பிராண்டுக்குச் சண்டை போடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

லெவல் விஷயத்தில் ஒன்று. ஆயிலை இறக்குவதற்கு முன் ஊற்றும் போல்ட் கழலுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கிவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றால் வண்டி அங்கேயேதான். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், துளையின் விளிம்பைத் தொட்டு ஆயில் வழிய வேண்டும், அவ்வளவே. மேட்டில் ஏறும்போது முன் பேரிங்குக்கு ஆயில் எட்டாதே என்று சிலர் வண்டியைச் சாய்த்து நிறுத்தி அரை லிட்டர் கூடுதலாக ஊற்றுகிறார்கள். அதிகமானால் நுரைக்கும், சூடேறும், சீல் வழியாக வெளியே வரும். என் பெட்டியில் நான் செய்யவில்லை.

கியர்பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் சேரும் இடத்தில் இருக்கும் சீல் போனால் ஒன்றின் ஆயில் மற்றதற்குள் போய்விடும், கீழே ஒரு சொட்டுகூட விழாது. அதனால் இரண்டின் லெவலையும் ஒரே நாளில்தான் பார்ப்பேன். ஒன்றில் கூடி மற்றதில் குறைந்திருந்தால் கதை புரிந்துவிடும்.

இப்போது ஒவ்வொரு ஆழமான தண்ணீருக்குப் பிறகும் லெவல் போல்ட்டைத் திறந்து விரல் விட்டுப் பார்க்கிறேன். நிறம் தெளிவாக இருந்தால் 30,000 கிலோமீட்டர் வரை ஓட்டுகிறேன். ஆறாவது முறை போன மாதம் மாற்றினேன். காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை, ஆயிலில் பொன்தூள் இல்லை. மூன்றாவது கியர் மட்டும் காலையில் இன்னும் ஒரு நொடி யோசிக்கிறது. நானும் அந்த ஒரு நொடி காத்திருந்துதான் லீவரைத் தள்ளுகிறேன்.