ஜியோஸ்டார், சோனி, தூர்தர்ஷன்: கேரள எல்லைத் தமிழ் வீடுகளுக்கு எது கட்டுப்படியாகும்?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் கேபிள் இணைப்பு கேரளத்து நிறுவனத்திடமிருந்துதான் வருகிறது. அங்கே தரும் பேக் மலையாளச் சேனல்களைச் சுற்றி அமைந்தது. விளையாட்டுச் சேனல் இருந்தாலும் ஆங்கிலமோ இந்தியோதான் இருக்கும். தமிழ் வர்ணனை வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். எதைக் கேட்பது என்று தெரிய, எந்த ஆட்டம் யார் கையில் என்று முதலில் தெரிய வேண்டும்.

ஐபிஎல்லின் 2018 முதல் 2022 வரையான உரிமையை டிவி, இணையம் இரண்டுக்கும் சேர்த்து ஸ்டார் 16,347.5 கோடி ரூபாய்க்கு எடுத்தது. 2022 ஜூனில் நடந்த ஏலத்தில் டிவி தனி, இணையம் தனி என்று பிரித்தார்கள். டிவிக்கு ஓர் ஆட்டத்துக்கு 49 கோடியில் தொடங்கிய விலையை டிஸ்னி ஸ்டார் 57.5 கோடியில் முடித்தது. இணையத்துக்கு 33 கோடியில் தொடங்கியதை ரிலையன்ஸ் பக்கத்து வயாகாம்18 நிறுவனம் 50 கோடியில் முடித்தது. மற்ற தொகுப்புகளும் சேர்த்து ஐந்து ஆண்டுக்கு மொத்தம் 48,390 கோடி, முந்தையதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவின் உள்நாட்டுத் தொடர்களையும் வயாகாம்18 5,963 கோடிக்கு வாங்கியது.

அந்தப் போட்டியின் பலன் நேரே நம் கைக்கு வந்தது. 2023இல் வயாகாம்18இன் ஜியோசினிமா செயலி ஐபிஎல்லை இலவசமாகக் காட்டியது. தமிழ், மலையாளம் உட்பட 12 மொழிகளில் வர்ணனை. ஆளை இழக்கக் கூடாதென்று டிஸ்னி ஸ்டாரின் ஹாட்ஸ்டாரும் அதே ஆண்டு ஆசியக் கோப்பையையும் உலகக் கோப்பையையும் கைபேசியில் இலவசமாகத் திறந்துவிட்டது. 2024 நவம்பரில் வயாகாம்18, டிஸ்னி ஸ்டார் இரண்டும் ஜியோஸ்டார் என்று ஒன்றாயின. 2025 பிப்ரவரியில் இரு செயலிகளும் சேர்ந்து ஜியோஹாட்ஸ்டார் வந்தது. கைபேசித் திட்டம் மூன்று மாதத்துக்கு 149 ரூபாயில் தொடங்கியது. அதன்பின் சில ரீசார்ஜ்களோடு சேர்த்துக் கொடுத்தார்களே தவிர, முழு சீசனும் எல்லாருக்கும் இலவசம் என்பது போய்விட்டது. ஏலத்தில் எதிரெதிரே நின்ற இருவர் ஒருவரானால் இப்படித்தான் நடக்கும். நடப்பு ஐபிஎல் ஒப்பந்தம் 2027 சீசனோடு முடிகிறது. அடுத்த ஏலத்தில் சோனியோ வேறு யாரோ துணிந்து விலை கேட்பதுதான் பார்ப்பவர்களுக்கு நல்லது.

இன்றைய நிலையில் ஜியோஸ்டாரின் தட்டு கனமானது: ஐபிஎல், இந்தியாவின் உள்நாட்டுத் தொடர்கள், 2024 முதல் 2027 வரையான ஐசிசி போட்டிகள். தமிழுக்கென்றே ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழ் 2017 மே முதல் ஓடுகிறது. சோனியிடம் 2031 வரை ஆசியக் கோப்பையும், இங்கிலாந்து மண்ணில் நடக்கும் தொடர்களும் இருக்கின்றன. தமிழுக்கு சோனி ஸ்போர்ட்ஸ் டென் 4. அதே சேனலில் தெலுங்கும் வருவதால், வேறு மொழியில் குரல் கேட்டால் சேனல் தவறு என்று முடிவு கட்டாமல் ரிமோட்டில் ஆடியோ பொத்தானை அழுத்திப் பாருங்கள். இன்னொரு குழப்பம்: 2025 இங்கிலாந்து டெஸ்ட் தொடர் டிவியில் சோனியிலும் இணையத்தில் ஜியோஹாட்ஸ்டாரிலும் வந்தது. டிவியில் ஒருவர் காட்டுவதால் செயலியிலும் அவரே காட்டுவார் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

செலவைப் பார்ப்போம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்க முடியாது. அதனால் தொகுப்பில் வரும் விளையாட்டுச் சேனலைத் தனியாக எடுத்தாலும் ஜிஎஸ்டியோடு மாதம் 22 ரூபாய் 42 காசைத் தாண்டாது. கேபிள்காரர் 'ஸ்போர்ட்ஸ் பேக் போட்டால்தான் வரும்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை. தனிச் சேனலாகத் தருவது அவர் கடமை. வேண்டிய சேனலின் பெயரை எழுதிக் கொடுங்கள். வெறுமனே 'ஸ்டார் ஸ்போர்ட்ஸ்' என்றால் இந்திச் சேனல் வந்து நிற்கும்.

தூர்தர்ஷன் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். 2007 சட்டப்படி, இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களின் நேரலையை உரிமை வாங்கியவர் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குக் கொடுத்தே ஆக வேண்டும். விளம்பர வருவாயில் 75 பங்கு உரிமையாளருக்கு, 25 பங்கு தூர்தர்ஷனுக்கு. ஐபிஎல் இதில் சேராது. அப்படியென்றால் கேபிளில் வரும் டிடி சேனலில் ஏன் மேட்ச் இல்லை? தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷுக்கும் மட்டுமே அந்த நேரலை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே ஃப்ரீ டிஷ் வைத்தவருக்கு மேட்ச் உண்டு, கேபிள் வைத்தவருக்கு அதே டிடியில் கிடையாது. மாதக் கட்டணம் இல்லை, பெட்டிக்கும் டிஷுக்கும் ஒருமுறை செலவு, அவ்வளவுதான். ஆனால் தமிழ் வர்ணனையை நம்பியிருக்க முடியாது. பெரும்பாலும் இந்தி, ஆங்கிலம். பழைய எம்பெக்-2 பெட்டியை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள், எம்பெக்-4 என்ற புதிய ஒளிபரப்பு முறையில் வரும் சேனல்கள் அதில் தெரியாது.

டிஷ் வைப்பவர் ஊரின் காற்றையும் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நம் பகுதியிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், தரையிலிருந்து ஏறக்குறைய 67 டிகிரி உயரத்தில். அவ்வளவு மேலே பார்ப்பதால் மூணாற்று மலை மறைப்பது அரிது. லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை) ஒட்டி வளர்ந்த சில்வர் ஓக் மரம்தான் மறைக்கும். பாலக்காட்டுக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்று டிஷைக் கொஞ்சம் திருப்பினாலே படம் கட்டம் கட்டமாக உடையும். நான்கு போல்ட்டையும் வைகாசிக்குள் இறுக்கிவிடுங்கள். பெருமழையில் டிஷுக்கு வரும் கே.யூ. அலைவரிசை சிக்னல் மங்குவதற்கு மருந்தே இல்லை. இங்கிலாந்துத் தொடர்கள் வழக்கமாக வருவதும் அதே மழை மாதங்களில்தான். எனவே சோனிக்காக மட்டும் புதிதாகக் கட்டண டிஷ் வாங்குவதை இடுக்கியில் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், அதைவிட கேபிளே மேல். கேபிளின் பலவீனம் மின்சாரம்: வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் தெருவில் இருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் போனால் படம் போய்விடும்.

கைபேசி மூன்றாவது வழி. ஹெச்டி தரத்தில் மணிக்கு ஒரு ஜிபிக்கு மேல் போகும்; நாளுக்கு 2 ஜிபி திட்டம் ஆட்டம் முடியும் முன்பே தீர்ந்துவிடும். தரத்தை 480க்கு இறக்கினால் ஓரளவு தாங்கும். நேரலையும் கேபிளைவிட அரை நிமிடம் வரை பின்தங்கும். பக்கத்து வீட்டில் விசில் அடித்த பிறகே நமக்கு சிக்ஸர் தெரியும்.

கால்பந்து ரசிகர்கள் இப்போது எதற்கும் முன்பணம் கட்ட வேண்டாம். 2025 நவம்பரில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) வணிக உரிமைக்கான டெண்டரில் ஒருவர்கூட விலை கேட்கவில்லை. ஒவ்வொரு சீசனும் யாரிடம் என்று பார்த்துவிட்டுச் சேனல் எடுப்பதே நல்லது.

எங்கள் தேர்வு இது. கிரிக்கெட்டுக்காகவே டிவி பார்க்கும் வீடு கேபிளில் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 1 தமிழை ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ளட்டும். சோனி டென் 4ஐ ஆசியக் கோப்பை அல்லது இங்கிலாந்துத் தொடர் நடக்கும் மாதத்துக்கு மட்டும் சேர்க்கலாம். இந்தியா ஆடும் ஒருநாள், டி20 போதும், மொழி பொருட்டில்லை என்பவருக்கு ஃப்ரீ டிஷ் தாராளம். புதுச் சேனல் பெட்டியில் ஏற நேரம் எடுக்கும் என்பதால் முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். தொடர் முடிந்த மாதம் நீக்கவும் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த பில்லிலும் அது நிற்கும்.