ஊர்வன ஃபாசில் வார்ப்புப் பெட்டி: எலும்புகளுக்காக வாங்கலாம், கையேட்டுக்காக வேண்டாம்

ஒரு மாதத்துக்கு முன்பு இணையத்தில் இந்தப் பெட்டியை வாங்கினேன். ஆறு ரெசின் வார்ப்புகள், 24 பக்க ஆங்கிலக் கையேடு, விலை 4,800 ரூபாய். பழங்கால ஊர்வனவற்றின் எலும்புகளை வைத்து அந்தக் காலத்துப் பருவநிலையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கான பெட்டி. நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிரித்துப் பார்த்த அன்றே எழுதாமல், நான்கு வாரம் வகுப்பில் வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படுவது டைட்டனோபோவா என்ற அழிந்துபோன ராட்சதப் பாம்பின் ஒற்றை முதுகெலும்புக் கணு. அதன் பக்கத்திலேயே இன்றைய அனகோண்டாவின் கணுவையும் வைத்திருக்கிறார்கள். இப்படி ஜோடியாகக் கொடுத்தவருக்கு என் நன்றி. 13 மீட்டர் நீளம், 1,135 கிலோ எடை என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் குறித்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு கணுக்களையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தபோதுதான் ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், எலும்பு பெருசா இருந்தா வெயில் அதிகம்னு எப்படிச் சொல்றாங்க?" எனக்கு வேண்டியிருந்தது இந்தக் கேள்விதான்.

பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை, வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. சுற்றுப்புறம் எவ்வளவு சூடோ அதற்கேற்ற வேகத்தில்தான் அதன் உடம்பு இயங்கும். அதனால் பெரிய உடம்பை ஓட்ட வேண்டுமென்றால் சூடான இடம் வேண்டும். இன்றைக்கும் மிகப் பெரிய பாம்புகள் வெப்பமண்டலத்தில்தான் இருக்கின்றன. கொலம்பியாவின் செர்ரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த டைட்டனோபோவா 58 முதல் 60 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்தது. ஜேசன் ஹெட் தலைமையிலான குழு இந்தக் கணக்கைப் போட்டு, அங்கே அப்போது ஆண்டுச் சராசரி வெப்பம் 30 முதல் 34 டிகிரி செல்சியஸ் இருந்திருக்க வேண்டும் என்று 2009-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதியது.

கையேட்டில் எனக்குப் பிடிக்காத விஷயமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. 30–34 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில், யாரோ தெர்மாமீட்டர் வைத்து அளந்ததுபோல அச்சடித்திருக்கிறார்கள். அதே ஆண்டு, அதே இதழில் இந்தக் கணக்குக்கு மறுப்புகள் வந்தன. அனகோண்டா இன்று எட்டுகிற அளவுதான் அது வாழும் இடத்தின் வெப்பத்துக்கு உச்சவரம்பு என்று எப்படிச் சொல்ல முடியும்? பனியுகக் காலத்து ஆஸ்திரேலியாவில் மெகலேனியா என்று ஒரு ராட்சத உடும்பு இருந்தது, இன்றைய மிகப் பெரிய உடும்பான கொமோடோவைவிடப் பெரியது. இதே கணக்கை அதற்குப் போட்டால் அன்றைய ஆஸ்திரேலியா இன்றைக்கு இருப்பதைவிட நல்ல சூடாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அப்படி இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு சூட்டைச் சீக்கிரம் விடாது, அதனால் அவ்வளவு சூடான இடம் தேவைப்பட்டிருக்காது என்பது இன்னொரு ஆட்சேபம். ஹெட் குழுவும் பதில் எழுதி தங்கள் கணக்கைக் காத்து நின்றது. இந்த வாதம் முழுவதையும் அரைப் பக்கத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வரிகூட இல்லை. அறிவியல் எப்படி நடக்கிறது என்று பிள்ளைகள் பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

சரி, எனக்கு மிகவும் பிடித்தது பாம்பு இல்லை. பெட்டியின் மூன்றாவது குழியில் இருக்கிற அலிகேட்டர் (ஒரு முதலை இனம்) தாடைத் துண்டு. பார்க்க ஒன்றுமே இல்லை, மங்கிய பழுப்பு நிறத்தில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இந்த வார்ப்புக்கு மூலமான எலும்பு கிடைத்த இடம் கனடாவின் எல்ஸ்மியர் தீவு, வட துருவத்துக்குக் கிட்டத்தில், இன்றைக்குப் பனிப்பாறைகள் நிறைந்த பூமி. ஃபாசில் ஆய்வாளர்கள் மேரி டாசனும் ராபர்ட் வெஸ்ட்டும் 1975-இல் அங்கே போனபோது இப்படி எலும்புகள் கிடைத்தன. வயது சுமார் 53 மில்லியன் ஆண்டுகள். நிலம் அப்போது தெற்கே இருந்து பிறகு நகர்ந்து வந்திருக்கும் என்று என் பிள்ளைகள் உடனே சொன்னார்கள், நல்ல யோசனைதான், ஆனால் அந்தத் தீவு அப்போதும் துருவ வட்டத்துக்கு உள்ளேதான் இருந்தது. குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியன் உதிக்காத இடம், அங்கே அலிகேட்டர்.

பாம்பின் அளவு ஆண்டுச் சராசரியைப் பற்றிப் பேசுகிறது என்றால், அலிகேட்டர் குளிர்காலத்தைப் பற்றிப் பேசுகிறது. பறவைபோல வலசை போகாது, ரோமமும் வளர்க்காது, இருக்கிற இடத்திலேயே குளிரைத் தாண்டியாக வேண்டும். இன்றைய முதலை இனங்கள் வாழும் இடங்களை வைத்து 1998-இல் பால் மார்க்விக் என்ற ஆய்வாளர் ஒரு எல்லை சொன்னார்: ஆண்டுச் சராசரி 14.2 டிகிரிக்குக் குறையக் கூடாது, மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரி 5.5 டிகிரிக்குக் குறையக் கூடாது. கையேட்டில் இந்த எண்கள் இருக்கின்றன, சரியாகவே இருக்கின்றன.

அப்புறம் நான்காவது குழியில் அதே தீவின் ஆமை ஓட்டுத் துண்டு. ஆமை, மீன், பாலூட்டி ஆகியவற்றின் எலும்பிலும் பல்லிலும் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களை) அளந்து ஜேலின் எபர்லே என்ற ஆய்வாளரின் குழு 2010-இல் வேறு கணக்கு சொன்னது: ஆண்டுச் சராசரி 8 டிகிரி வாக்கில், கோடையில் 19, 20, குளிர்கால மாதங்களில் உறைநிலைக்குச் சற்று மேலே. இதுவும் கையேட்டில் இருக்கிறது, ஆறு பக்கம் தள்ளி! 14-உம் 8-உம் ஒத்துப்போகவில்லையே, அன்றைய அலிகேட்டர்கள் இன்றைய உறவினர்களைவிடக் குளிரைத் தாங்கினவா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரண்டு துண்டும் ஒரே பெட்டியில், ஒரே தீவிலிருந்து. 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வட கரோலினாவில் குளம் உறைந்தபோது அலிகேட்டர்கள் மூக்கை மட்டும் பனிக்கு மேலே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தன. அந்தப் படத்தை நான் தனியாக எடுத்துப் போய்க் காட்டினேன். சில நாள் உறைவை ஒரு பெரிய அலிகேட்டர் தாங்கிவிடும், முட்டையும் குஞ்சும் வளர்வதற்குச் சூடு வேண்டும் என்று பேச்சு அங்கிருந்து வளர்ந்தது. மணி அடித்த பிறகும் ஏழெட்டுப் பேர் எழுந்து போகவில்லை.

ஐந்தாவது துண்டின் சீட்டில் "முதலை முதுகெலும்பு" என்று தவறாகப் போட்டிருக்கிறார்கள். அது சாம்ப்சோசார். கரியால் என்னும் நீள்மூக்கு முதலையைப் போல இருக்கும், ஆனால் முதலை இனம் இல்லை, அழிந்துபோன வேறொரு வகை. கனடாவின் வட கோடியில் ஆக்ஸல் ஹைபெர்க் தீவில் கிடைத்து 1998-இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு, சுமார் 90 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பே துருவப் பகுதி எவ்வளவு மிதமாக இருந்தது என்பதற்குப் பெரிய சான்று, அதில்போய் பெயரைக் கோட்டைவிட்டால் எப்படி? விற்பனையாளருக்கு எழுதினேன், அடுத்த பதிப்பில் திருத்துவதாகப் பதில் வந்தது. ஆறாவது ஒரு முதலைப் பல். இடமும் இல்லை, வயதும் இல்லை. இடமும் வயதும் தெரியாத பல் பருவநிலையைப் பற்றி என்ன சொல்லும்? நான் அதை எடுத்து வைத்துவிட்டேன்.

வாசுகி இண்டிகஸ் இதில் இல்லை என்பது எனக்கு வருத்தம். குஜராத்தின் கட்ச் பகுதியில், பனந்த்ரோ சுரங்கத்தில் கிடைத்த 27 கணுக்களை வைத்து ஐஐடி ரூர்க்கியின் தேபஜித் தத்தாவும் சுனில் பாஜ்பாயும் 2024-இல் விவரித்த பாம்பு, நீளம் 11 முதல் 15 மீட்டர் வரை இருக்கலாம், வயது 47 மில்லியன் ஆண்டுகள். நெய்வேலியில் வெட்டுகிறோமே, அதே பழுப்பு நிலக்கரிதான் அங்கேயும். சதுப்புக் காட்டுச் செடிகள் புதைந்துதான் அது உண்டானது, பாம்பும் அந்தச் சதுப்பில்தான் கிடந்தது என்றதும் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்தது. அங்கே கிடைத்த கணக்கு 28 டிகிரி. டைட்டனோபோவாவுக்கு நிகரான பாம்பு, ஆனால் வெப்பம் குறைவு. பாம்பின் நீளத்தை மட்டும் பார்த்து வெப்பத்தைச் சொல்லிவிட முடியாது என்று காட்ட இந்த ஒப்பீடு போதும். வார்ப்பு இல்லாததால், கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர் அகலமுள்ள கணுவைச் சார்ட்டில் வரைந்து டைட்டனோபோவா பக்கத்தில் வைத்தேன்.

தரத்தைப் பற்றிச் சுருக்கமாக: ரெசின் கெட்டி, மேசையிலிருந்து விழுந்தும் கணு உடையவில்லை. பாம்புக் கணுக்களில் மூட்டுகள் துல்லியமாக வந்திருக்கின்றன. தாடைத் துண்டில் மட்டும் பெயிண்ட் உரிய ஆரம்பித்திருக்கிறது. பெட்டியின் பஞ்சு மட்டமானது, இரண்டு வாரத்தில் கிழிந்தது.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பள்ளிக்கோ அறிவியல் மன்றத்துக்கோ வாங்குபவர்கள் தயங்க வேண்டாம், கையேட்டை ஆசிரியர் முதலில் படித்து, மேலே சொன்ன இடங்களில் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் என்றால் 4,800 அதிகம். அந்த அலிகேட்டர் தாடையையும் ஆமை ஓட்டையும் தனியாக விற்பார்களா என்று கேட்டிருக்கிறேன், விற்றால் மற்ற மூன்று பிரிவுகளுக்கும் சேர்த்து மூன்று ஜோடி வாங்குவேன்.