சந்திப்புக் கிட்டங்கியில் புகையில் வெந்த கறி

திருநெல்வேலிச் சந்திப்பின் ஈரடுக்கு மேம்பாலத்தை ஒட்டிப் பிரியும் சந்துகளில், முன்பு சரக்கு மூட்டைகள் அடுக்கி வைத்திருந்த பழைய கிட்டங்கிகள் சில இன்னும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் முன்பாதியை வாடகைக்கு எடுத்து, ஆட்டுக்கறியைக் குழம்பு வைக்காமலும் சுக்கா வறுக்காமலும், விறகுப் புகையிலேயே பகல் முழுவதும் வேகவைத்து விற்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது. மாலை ஐந்து மணிக்குமேல் அந்தச் சந்துக்குள் நுழைந்தால் மூக்கே வழி சொல்லிவிடும் என்பதால், பலகைக்கு எதற்குச் செலவு என்று விட்டிருப்பார்கள் போலும். ஒற்றைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் வரிசையில் நின்று அல்வா வாங்கிப் பழகிய ஊருக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது.

கடையில் பாதி இடத்தை அடுப்பே அடைத்துக்கொண்டிருக்கிறது. தண்ணீர் லாரியின் பழைய இரும்புத் தொட்டி ஒன்றை அறுத்துப் படுக்கவைத்து, ஒரு முனையில் விறகு எரிவதற்குத் தனிப் பெட்டியும் மறுமுனையில் புகைபோக்கியும் பற்றவைத்திருக்கிறார்கள். உரிமையாளர் முன்பு லேத் பட்டறை நடத்தியவர். வேலைப்பாட்டில் அது தெரிகிறது. தீ எரிவது பெட்டிக்குள், கறி கிடப்பது தொட்டிக்குள். தணலின் சூடும் புகையும் மட்டுமே கறியின்மேல் ஊர்ந்து மறுபக்கம் வெளியேறுகின்றன. இதுவும் பார்பிக்யூதான். ஆனால், நம் பக்கத்தில் பார்பிக்யூ என்றதும் மேசை நடுவில் தணல் வைத்துக் கம்பியில் செருகித் தருகிற உணவகமோ, கரியில் வாட்டிய அல்ஃபாம் கோழியோதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அவை நேரடித் தணலில் சீக்கிரம் முடிந்துவிடுகிற வேலைகள். இங்கே காலை ஒன்பது மணிக்குத் தொட்டிக்குள் போகிற நெஞ்சுக்கறி, மாலையில்தான் வெளியே வருகிறது. தொட்டியின் வெப்பம் 110 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே வைக்கப்படுகிறது.

இவ்வளவு மெதுவாக வேகவைப்பதற்குக் காரணம் உண்டு. ஓடியாடி உழைக்கிற தசைகளான நெஞ்சிலும் முன்னங்காலிலும் சவ்வு மிகுதி. அந்தச் சவ்விலுள்ள கொலாஜன் என்கிற புரதம், ஏறத்தாழ 70 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நெடுநேரம் இருந்தால்தான் கரைந்து ஜெலட்டினாக மாறும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் வெளிப்பக்கம் வறண்டு போகும், உள்ளே சவ்வு சவ்வாகவே நிற்கும். பாதி வேலை நடக்கும்போது இன்னொரு சிக்கலும் வரும். கறியின் மேற்பரப்பிலிருந்து ஈரம் ஆவியாகி, வியர்வை உடம்பைக் குளிர்விப்பதுபோல் கறியைக் குளிர்விக்கத் தொடங்குவதால், உள்வெப்பம் 65, 70 டிகிரிக்கு அருகில் வெகுநேரம் நகராமல் நின்றுவிடும். இதே முறையில் கறி வேகவைக்கிற அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக் கடைக்காரர்கள் இந்தக் கட்டத்தில் கறியைக் கெட்டித்தாளில் சுற்றி மீண்டும் உள்ளே வைப்பது வழக்கம். இங்கே அந்த வேலையை வாட்டிய வாழையிலை செய்கிறது. கறியில் கடைசியில் மெல்லியதாக வருகிற இலைவாசம் அங்கிருந்து வருவதுதான். இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமும் அதுவே.

விறகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் டெக்சாஸில், 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக் கடைக்காரர்கள் விற்காமல் மிஞ்சிய கறியைப் புகையில் வேகவைத்துத் தாளில் மடித்து விற்ற பழக்கத்திலிருந்துதான் அம்மாநிலத்தின் நடுப்பகுதியில் இந்தச் சமையல் வளர்ந்தது. அங்கே ஓக் விறகு எரித்தார்கள். மேற்கு டெக்சாஸின் வறண்ட நிலத்தில் மெஸ்கீட் என்கிற முள்மரத்தை எரித்தார்கள். அந்த மெஸ்கீட்டும், நம் குளங்களையெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிற சீமைக்கருவேலமும் புரோசோபிஸ் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்டுவந்த ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொல்லி உத்தரவிட்ட மரம், இங்கே மானூர்ப் பக்கத்துக் குளங்களிலிருந்து வெட்டி வரப்பட்டு, கிட்டங்கியின் பின்கட்டில் மாதக்கணக்கில் காய்கிறது. காயாத சீமைக்கருவேலத்தை எரித்தால் புகை வெள்ளையாகத் திரண்டு வந்து கறியில் கசப்பு ஏறிவிடும். நன்றாகக் காய்ந்த விறகு நீலம் பாய்ந்த மெல்லிய புகையை விடும். கடைக்குப் போகிறவர்கள் சந்தில் நின்றே புகைபோக்கியை அண்ணாந்து பார்த்து அன்றைய கறி எப்படி இருக்கும் என்று ஓரளவு கணித்துவிடலாம். மழைக்காலத்தில் ஒரு நாள் வெள்ளைப் புகையைப் பார்த்தும் உள்ளே போய் உட்கார்ந்தேன். அன்றைய கறி நாக்கின் அடியில் கரித்தூள் ஒட்டியதுபோல் இருந்தது.

இனி, எதைக் கேட்க வேண்டும் என்பது. வெள்ளாட்டுக் கறி என்றால் உயர்ந்தது, செம்மறி என்றால் வாடை என்பது இந்தப் பக்கத்து வீடுகளில் மாற்ற முடியாத தீர்ப்பு. கன்னி என்கிற வெள்ளாட்டினத்தின் நல்ல கறியில் குழம்பு வைத்துச் சாப்பிட்டவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால், கன்னி ஆட்டின் கறியில் கொழுப்பு குறைவு. குழம்பில் அது சிறப்பு, எட்டு மணி நேரப் புகையில் அதுவே குறை. இங்கே பரிமாறுகிற வெள்ளாட்டுத் தொடைக்கறி, மணம் நன்றாக இருந்தாலும், இரண்டாவது துண்டிலேயே தொண்டையில் நின்று தண்ணீர் கேட்கிறது. செம்மறியின் நெஞ்சுக்கறியில் அடுக்கடுக்காக இருக்கிற கொழுப்பு மெல்ல உருகி இறங்கிக் கறியை நனைத்துக்கொண்டே இருப்பதால் வறட்சி என்ற பேச்சே இல்லை. பயந்த வாடையும் புகைக்குள் அமுங்கிப்போகிறது. ஆகவே இந்தக் கடையில் மட்டுமாவது வெள்ளாட்டுப் பற்றைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, செம்மறி நெஞ்சுக்கறியை எலும்போடு கேட்க வேண்டும் என்பதே என் கருத்து.

கேட்டவுடன், கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிற புளியமரக் கட்டையில் இலைப் பொதியைப் பிரித்து வைக்கிறார்கள். மேலே கறுத்துப்போன பொருக்கு, கல் உப்பும் ஒன்றிரண்டாக இடித்த மிளகும் வற்றல் தூளும் கொழுப்போடு சேர்ந்து இறுகியது, கத்தி படும்போது மெல்ல முறுகுகிற ஒலி கேட்கும். கத்தியை அழுத்த வேண்டியதில்லை. எலும்பு கையோடு கழன்று வருகிறது. அறுத்த துண்டின் ஓரத்தில், பொருக்குக்கு உட்பக்கமாக, ரோஜா நிறத்தில் ஒரு வளையம் ஓடும். புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பது இந்த இடத்தில்தான்.

“என்னடே, கறி வேகாம செவப்பா கெடக்கு?” என்று பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் இலையைத் தள்ளி வைத்தார்.

“வெந்ததுதான் அண்ணாச்சி. அது பொகை பிடிச்ச செவப்பு. பிச்சுப் பாருங்க, பஞ்சா இருக்கும்” என்றான் பரிமாறுகிற பையன்.

பையன் சொன்னது சரி. விறகு எரியும்போது உண்டாகிற நைட்ரிக் ஆக்சைடு, கறியின் ஈரமான மேற்பரப்பில் கரைந்து, கறிக்குச் சிவப்பு நிறம் தருகிற மயோகுளோபினோடு சேர்ந்துகொள்வதால் அந்த நிறம் வெந்த பிறகும் மாறாமல் நிற்கிறது. வேகாத கறியில் சிவப்பு நடுவில் இருக்கும். இதில் ஓரத்தில் மட்டும் இருக்கும், நடுவில் பழுப்பாக இருக்கும். ஐயம் வந்தால் துண்டை இரண்டாகப் பிய்த்துப் பார்த்துக்கொள்ளலாம். பெரியவரும் பிய்த்துப் பார்த்தார். பிறகு இன்னொரு நூறு கிராம் சொன்னார்.

முன்னங்கால் சப்பையும் நன்றாகவே இருக்கிறது, ஆனால் அது எல்லா நாளும் கிடைப்பதில்லை. வார இறுதியில் மாட்டு நெஞ்சுக்கறி போடுகிறார்கள். டெக்சாஸில் இதுதான் முதன்மை உருப்படி. அங்கே தானியம் தின்று கொழுத்த மாட்டின் கறியில் கொழுப்பு நரம்பு நரம்பாக ஓடும். நம் ஊர் மாட்டில் அந்தக் கொழுப்பு இல்லாததால், மணிக்கொரு தரம் காடி (வினிகர்) கலந்த தண்ணீர் தெளித்தும் ஓரங்கள் வறண்டுதான் வருகின்றன. நடுப்பகுதியைக் கேட்டு வாங்க முடிந்தால் வாங்கலாம். கோழியைத் தவிர்ப்பது நல்லது. குறைந்த சூட்டில் கோழித்தோல் முறுகாது; மென்று முடியாத ரப்பராகிவிடும். கோழி தின்ன வேண்டுமென்றால் இதே சந்திப்பில் தணலில் வாட்டித் தருகிற எந்த அல்ஃபாம் கடையும் இதைவிட மேல்.

தொட்டுக்கொள்ள இரண்டு தருகிறார்கள். ஒன்று, உடன்குடிக் கருப்பட்டியும் புளியும் வற்றல் மிளகாயும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிச் சாறு. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டிக்காரர்கள் தக்காளியோடு கரும்புப் பாகைச் சேர்த்துக் காய்ச்சுகிற இனிப்புச் சாறுக்கு நம் ஊர் மாற்றாக இதைச் செய்திருக்கிறார்கள். எண்ணம் அருமையானது, கைதான் தாராளம். சாறு கறியின்மேல் ஊற்றப்பட்டே வருவதால், பகல் முழுவதும் பாடுபட்டு உண்டாக்கிய பொருக்கு இரண்டு நிமிடத்தில் நமத்துப்போகிறது, புகையின் மணம் கருப்பட்டிக்கு அடியில் தேட வேண்டியதாகிறது. “சாறைத் தனியா வைங்க” என்று முதலிலேயே சொல்லிவிடுவது அவசியம். மற்றொன்று காடியில் ஊறவைத்த சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும். அதே நாட்டின் வட கரோலினா மாநிலத்துக் கிழக்குப் பகுதியில் காடியும் மிளகாயும் மட்டும் கலந்த சாற்றைத்தான் கறிக்கு ஊற்றுகிறார்கள் என்பது தெரிந்து செய்தார்களோ, வீட்டு ஊறுகாய் நினைவில் செய்தார்களோ, இந்தக் கொழுப்புக்கறிக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை. இவற்றோடு கேட்காமலேயே ஒரு கிண்ணம் மயோனைஸ் வந்து உட்காருகிறது. யாருக்காக என்று புரியவில்லை. பரோட்டா வெளியிலிருந்து வாங்கி வைத்தது, ஆறிப்போனது. சோறு கேட்டால் வெறும் சோறு சூடாகக் கிடைக்கும், உருகிய கொழுப்பைப் பிசைந்து சாப்பிட அதுவே நல்லது.

இடத்தைப் பற்றி மெழுகாமல் சொல்வதானால், வசதி என்று எதுவும் இல்லை. கூரை தகரம், சித்திரை, வைகாசியில் உள்ளே உட்காருவதும் தொட்டிக்குள் உட்காருவதும் ஏறக்குறைய ஒன்றுதான். காற்று திசை மாறும்போது புகை மேசைகளின் பக்கம் திரும்பிக் கண் எரிகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் உள்ளே உட்காரக் கூடாது. தரையில் எண்ணெய்ப் பிசுபிசுப்பு. கை கழுவுகிற இடத்தில் ஒரே குழாய். கழிவறை என்று ஒன்றை நம்பிப் போக வேண்டாம். பெண்களும் குழந்தைகளும் வரும் குடும்பங்களுக்கு ஓரமாகத் தட்டி மறைத்து ஒரு மேசை போட்டிருக்கிறார்கள், அது போதாது. ஆனால், கறி கையாளுகிற இடத்தில் சுத்தம் இருக்கிறது. வெட்டும் கட்டையை ஒவ்வொரு பொதிக்கும் பிறகு சூடான உப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறார்கள், பச்சைக்கறிக்கும் வெந்த கறிக்கும் கத்தி தனித்தனி, உணவுப் பாதுகாப்பு உரிமமும் கல்லாவுக்கு மேலே கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறது. பளிங்குத் தரை போட்ட உணவகங்கள் பலவற்றின் அடுக்களையில் இந்தக் கவனம் இருக்கிறதா என்பது எனக்கு நிச்சயமில்லை.

செம்மறி நெஞ்சுக்கறி நூறு கிராம் 180 ரூபாய். எலும்போடுதான் நிறுக்கிறார்கள் என்பதால் ஒருவருக்கு இருநூற்றைம்பது கிராமாவது வேண்டியிருக்கும். விலை கேட்டுக் கொஞ்சம் தயங்கத்தான் செய்வோம். புகையில் வேகும்போது கறி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும் என்பதையும், பச்சைக்கறியின் இன்றைய விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் கடைக்காரர் பெரிதாகக் கொள்ளையடிப்பதாகத் தோன்றவில்லை. நிறுப்பதற்கு முன் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து நமக்குத் திருப்பிக் காட்டுகிறார்கள். கணக்கில் குழப்பம் வருவது துணைக்கறிகளில்தான்: கேட்காத மயோனைஸுக்கும் ஒரு வரி எழுதியிருப்பார்கள், சொன்னால் முகம் கோணாமல் அந்த வரியை அடித்துவிடுவார்கள்.

ஐந்தரைக்குப் போனால் நெஞ்சுக்கறி நிச்சயம் கிடைக்கும். ஏழரைக்குமேல் கோழியும் தொடைக்கறியும்தான் மிஞ்சியிருக்கும். எட்டரைக்குக் கதவை இழுத்துவிடுவார்கள். சொல்லி வைத்தால் எடுத்து வைப்பதில்லை, யாராக இருந்தாலும் வரிசைதான். பார்சல் வாங்குகிறவர்கள் அறுக்காமல் இலைப் பொதியாகவே கேட்டு வாங்கிக்கொண்டு, வீட்டில் இலையைப் பிரிக்காமல் தோசைக்கல்லில் மூடி போட்டுச் சிறுதீயில் சூடாக்கினால் கறி கெடாமல் இருக்கும். மைக்ரோவேவில் வைத்தால் கொழுப்பெல்லாம் ஓடிப்போய் நார்தான் மிஞ்சும். வண்டி நிறுத்தச் சந்துக்குள் இடமில்லை என்பதால் மேம்பாலத்துக்கு அந்தப் பக்கமே விட்டுவிட்டு நடந்து வருவது உத்தமம். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது. அன்று உரிமையாளர் செம்மறி பார்க்க மேலப்பாளையம் கால்நடைச் சந்தைக்குப் போய்விடுகிறார்.