திருச்சி மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடு 2011: பூர்வீக ஊரைத் தேடுகிற எங்கட ஆட்களுக்கு

கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், சாந்தபுரம் பக்கம் பல வீடுகளில் இந்தியாவில் ஒரு ஊரின் பெயரை இன்னும் சொல்வார்கள். 1977 இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய சனம் நிறைய இருக்கிற இடங்கள்தானே. பெயர் தெரியும், அங்கே இன்று எத்தனை குடி, என்ன தொழில் என்று தெரியாது. அதற்கு உருப்படியானது இந்திய அரசு குடிசன மதிப்பீட்டை வைத்து வெளியிட்ட மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுதான். இலவசமாக இறக்கலாம். எங்கள் பூர்வீகம் துறையூர்ப் பக்கம், அதனால் திருச்சிக் கையேட்டை வைத்துச் சொல்கிறேன்.

இரண்டு பகுதி இருக்கிறது, இரண்டும் ஆங்கிலம். சனத்தொகைப் பகுதியில் ஊருக்கு ஒரு வரி: வீடுகள், ஆண், பெண், ஆறு வயது வரையான பிள்ளைகள், பட்டியல் சாதியினர் (அரசுப் பட்டியலில் உள்ள தலித் சாதிகள்), பழங்குடியினர், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். அப்புறம் தொழில். இங்கே கொஞ்சம் ஆறுதலாக நில்லுங்கள். சொந்தக் காணியிலோ குத்தகைக்கோ பயிர் செய்கிறவர்கள் ஒரு கட்டம், விவசாயக் கூலிக்குப் போகிறவர்கள் இன்னொரு கட்டம், வருடத்தில் ஆறு மாதத்துக்கும் குறைய வேலை கிடைத்தவர்கள் தனி. இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே அந்த ஊரில் நிலம் எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று ஓரளவு பிடிபட்டுவிடும். படிப்பறிவு வீதம் கணக்குப் பார்ப்பதென்றால் சின்னப் பிள்ளைகளைக் கழித்துவிட்டுப் பாருங்கள், ஏழு வயதிலிருந்துதான் எண்ணுகிறார்கள்.

மற்றப் பகுதியில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ், தண்ணீர். ஊரில் இல்லாதது 5 கிலோமீற்றருக்குள் என்றால் ஏ, 10 வரை பி, அதற்கும் மேல் சி. குளத்துப் பாசனம் எத்தனை ஹெக்டேயர், கிணற்றுப் பாசனம் எத்தனை என்றுகூடப் போட்டிருக்கிறார்கள், வன்னிக்காரருக்கு அது போதும் அந்த மண்ணை விளங்கிக்கொள்ள.

குறை என்றால் சாதி. பட்டியல் சாதி மொத்தமாக ஒரே எண், அதற்குள் யார் யார் என்று ஊர்வாரியாக இல்லை. மற்றச் சாதிகள் அறவே இல்லை, முழுச் சாதிக் கணக்கு கடைசியாக வெளிவந்தது 1931இல். கிறிஸ்தவர்களான தலித் மக்களும் பட்டியல் சாதி எண்ணுக்குள் வரமாட்டார்கள், அதனால் வேதக்கார ஊர் என்றால் அந்த எண்ணை நம்பி முடிவுக்கு வராதீர்கள். வருவாய்க் கிராமம், அதாவது காணிப் பதிவுக்காக அரசு பிரித்த கிராமம்தான் கணக்கு, ஊரும் காலனியும் (தலித் மக்கள் குடியிருக்கும் பகுதி) பக்கத்துக் குக்கிராமங்களும் ஒரே வரிக்குள் கலந்துவிடும், யார் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்கள் என்பது இதில் தெரியாது. எனக்கு இது பெரிய குறைதான். 2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதியும் கேட்பதாக அறிவித்திருக்கிறார்கள்.

இதே எண்களை எடுத்து ஊருக்கு ஒரு பக்கம் போடும் தளங்கள் கிடக்கின்றன, அவை வேண்டாம். தமிழ்நாட்டு ஊருக்கும் வட இந்தியாவில் ஊர்த் தலைவரைச் சொல்லும் ‘சர்பஞ்ச்’ என்ற பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள், அங்கே இருப்பவர் ஊராட்சி மன்றத் தலைவர்.

குறை இருந்தாலும் கையேட்டை இறக்கிப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். கிளிநொச்சி, முல்லைத்தீவில் 1981க்குப் பிறகு முழுக் குடிசன மதிப்பீடு நடக்கவே 2012 ஆனது, எண்ணப்படாமல் இருப்பது என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு விசயம், பழைய கடிதத்திலோ பாஸ்போட்டிலோ ‘திருச்சி ஜில்லா’ என்று இருந்தால் திருச்சியில் மட்டும் தேடாதீர்கள். புதுக்கோட்டை 1974இலும் கரூர், பெரம்பலூர் 1995இலும் தனி மாவட்டமாகிவிட்டன. வட்டத்தின் (தாலுகாவின்) பெயரை முதலில் பிடியுங்கள், பிறகு அந்த வட்டத்துப் பக்கங்களை மட்டும் கொம்யூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுங்கள், முழுக் கையேடும் போனில் திறக்கப் பாரம்.