வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண்: காலர் மைக்கா, மேஜை மைக்கா, ஃபோனா, லூப்பா?

காதுக் கருவி போட்டிருப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான்: "எதிரில் உட்கார்ந்து ஒருத்தர் பேசினால் புரிகிறது. நாலு பேர் கூடிவிட்டால் சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை." உடனே ஒலியைக் கூட்டிப் பார்ப்பார்கள். பேச்சோடு இரைச்சலும் சேர்ந்து கூடும், தலைவலிதான் மிச்சம். பேசுபவர் பக்கத்திலேயே ஒரு மைக்கை வைத்து, அங்கிருந்து நேரே காதுக்குக் கொண்டுவருவதே உருப்படியான வழி. அதற்கு நாலு ஏற்பாடுகள் கிடைக்கின்றன: சட்டையில் மாட்டும் காலர் மைக், மேஜை நடுவில் வைக்கும் மைக், கையில் இருக்கும் ஸ்மார்ட்ஃபோன், அரங்குகளில் இருக்கும் லூப்.

நான் காலர் மைக் கட்சி. மற்ற மூன்றும் எங்கே ஜெயிக்கின்றன என்பதையும் சொல்கிறேன். ஆனால் நாலுக்கும் சமமாக இடம் ஒதுக்கப்போவதில்லை.

முதலில் ஒதுக்கித் தள்ள வேண்டியது: மைக்கின் ஒலி எவ்வளவு தூரம் எட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கும் 20 மீட்டர், 25 மீட்டர் கணக்கு. சாப்பாட்டு மேஜைக்கும் காருக்கும் 3 மீட்டரே தாராளம். எடை, நிறம், அளவு எதுவும் பெரிய விஷயமில்லை. முடிவு செய்வது ஒன்றே ஒன்று: மைக் பேசுபவரின் வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது.

கணக்கு எளிது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் இறங்கும். சாதாரணப் பேச்சு 1 மீட்டரில் சுமார் 60 டெசிபல், 2 மீட்டரில் 54. வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில், அதாவது ஒரு சாணுக்குள், 74. கூட்டமான உணவகத்தில் இரைச்சல் 65 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் தள்ளியிருக்கும் காதுக் கருவிக்குப் பேச்சு இரைச்சலுக்கு 11 டெசிபல் கீழே கிடக்கிறது. காலரில் இருக்கும் மைக்குக்கோ 9 டெசிபல் மேலே நிற்கிறது. இரைச்சலில் மனிதர்கள் தானாகவே குரலை உயர்த்துவார்கள் என்பது உண்மை, அப்போது இரண்டு எண்களும் மேலே போகும். நடுவில் இருக்கும் 20 டெசிபல் அப்படியே இருக்கும். மூடிய அறையில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அடிப்பதால் தூரத்தில் குரல் இந்தக் கணக்கு அளவுக்கு விழாது. ஆனால் அங்கே கூடுதலாக வந்து சேர்வது எதிரொலி. ஒலி அளவு இருக்கும், சொல் கலங்கிப்போகும்.

காதுக் கருவிக்குள்ளேயே இருக்கும் திசைநோக்கு மைக்குகள் இதில் சில டெசிபலைத்தான் மீட்டுக் கொடுக்கும். கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது உட்கார்ந்திருப்பது உங்கள் காதில், பேசுபவரின் சட்டையில் இல்லை.

இதே கணக்கை மேஜை மைக்குக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் மேஜையின் நடுவில் வைத்தால் ஒவ்வொரு வாயும் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் தள்ளி. 20, 40, 80 என இரண்டு முறை இரட்டிப்பு. 12 டெசிபல் அங்கேயே போய்விட்டது. ஃபோனாக் (Phonak) நிறுவனத்தின் ரோஜர் செலக்ட், ரோஜர் ஆன் போன்றவை பல மைக்குகளை வைத்து யார் பேசுகிறாரோ அவர் பக்கம் திரும்பிக்கொள்ளும், அதனால் இழந்ததில் ஒரு பங்கு திரும்பி வரும். அமைதியான கூட்ட அறையில் மேஜை மைக் நன்றாகவே வேலை செய்கிறது. ஒருவர் மாற்றி ஒருவர் பேசும் இடத்தில் காலர் மைக்கை ஆளுக்கு ஆள் கழற்றி மாட்டுவது நடக்காத காரியம், அங்கே இதுதான் சரி. உணவகத்தில் தட்டும் கரண்டியும் மைக்குக்கு மனிதர்களைவிட அருகில் இருக்கும். அடியில் நாலாக மடித்த துணியை வைத்தால் மேஜை அதிர்வு குறையும், கரண்டிச் சத்தம் குறையாது.

ஃபோன் பக்கம் வந்தால், ஐஃபோனில் லைவ் லிசன் என்ற வசதி இருக்கிறது. அதோடு இணையும் காதுக் கருவிகளுக்கு ஃபோனே மைக் ஆகிவிடும். தனியாக எதுவும் வாங்க வேண்டாம், அவசரத்துக்குக் கைகொடுக்கும். மூன்று தொந்தரவுகள் உண்டு. ஃபோனைக் காலரில் மாட்ட முடியாது, அது மேஜையில்தான் கிடக்கும், மறுபடி அதே 80 சென்டிமீட்டர். குரல் கொஞ்சம் பிந்தி வருவதால் உதட்டசைவோடு ஒட்டாது, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு இது பெரிய எரிச்சல். அழைப்பு வந்தால் பேச்சு பாதியில் அறுந்துபோகும். பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், ஃபோனின் மைக் பெரும்பாலும் கீழ் விளிம்பில் இருப்பதால் அந்த விளிம்பைப் பேசுபவர் பக்கம் திருப்பி வையுங்கள்.

லூப் வேறு வகை. அரங்கைச் சுற்றி ஓடும் கம்பியில் பேச்சு காந்தப் புலமாகப் போகும், காதுக் கருவிக்குள் இருக்கும் டெலிகாயில் என்ற சிறு கம்பிச் சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். பேரிங் (மைக்கையும் கருவியையும் ஒன்றோடொன்று இணைத்து வைப்பது) கிடையாது, தாமதம் கிடையாது, எந்த நிறுவனத்தின் கருவி என்ற கேள்வியே கிடையாது. மேடையில் பேசுபவரின் மைக்கிலிருந்தே ஒலி வருவதால் ஒரு சாண் கணக்கும் இங்கே தானாகத் தேறிவிடுகிறது. லூப்களுக்கான ஐஇசி 60118-4 என்ற சர்வதேசத் தரத்தின்படி சரியாகப் போட்ட லூப் இருக்கும் அரங்கில் காலர் மைக்கை வெளியே எடுக்கவே வேண்டியதில்லை. கரண்ட் வயர்கள் பக்கத்தில் இருந்தால் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் வரும். தலையைச் சாய்த்தால் ஒலி இறங்கும். ரீசார்ஜ் செய்யும் சிறிய கருவிகள் பலவற்றில் டெலிகாயிலே இருப்பதில்லை. இருந்தாலும் ஆடியாலஜிஸ்ட் (காதைச் சோதித்துக் கருவியைப் பொருத்தித் தருபவர்) அதற்கென ஒரு புரோகிராம் போட்டுத் தராவிட்டால் அது தூங்கிக்கொண்டிருக்கும். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள், பலருக்குத் தங்கள் கருவியில் அது இருப்பதே தெரியாது.

இனி காலர் மைக். ரெசவுண்டின் மல்ட்டி மைக், ஓட்டிகானின் கனெக்ட்கிளிப் எல்லாம் இந்த வகை. வாங்கியவர்களில் கணிசமானோர் பத்து நாளில் அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் மாட்டிய விதம்.

வாய்க்கு நேர் கீழே, தாடையிலிருந்து ஒரு சாணுக்குள், நடு மார்பில் மாட்ட வேண்டும். மைக் துளைகள் மேலே, வாயைப் பார்த்து. பக்கவாட்டுக் காலரில் மாட்டினால் அவர் மறுபக்கம் தலையைத் திருப்பியதும் குரல் விழும். தொப்புள் வரை தொங்கும் நாடாவில் போட்டால் அது காலர் மைக்கே இல்லை, நாடாவை முடிச்சுப் போட்டு ஏற்றுங்கள். மல்ட்டி மைக் நிமிர்ந்திருந்தால் ஒரு திசையில் கேட்கும், படுத்திருந்தால் சுற்றியுள்ள எல்லாவற்றையும் கேட்கும். தளர்ந்த துணியில் மாட்டி அது மல்லாந்துவிட்டால் தானாகவே மேஜை மைக் ஆகிவிடும். "திடீரென்று இரைச்சல் கூடிவிட்டது" என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சங்கிலியும் அடையாள அட்டையும் மைக்கில் உரசினால் காதில் சரளைக்கல் கொட்டும் சத்தம். அவற்றைச் சட்டைக்குள் போடச் சொல்லுங்கள்.

இவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்கின்றன. மனித உடலில் இருக்கும் நீர் அந்த அலையை விழுங்கும். பேசுபவர் முதுகைக் காட்டி நடந்தால் ஒலி விட்டு விட்டு வருவது அதனால்தான், மைக் கெட்டுப்போகவில்லை. இன்னொன்று, மைக்கை மாட்டிக்கொண்டவர் எழுந்து போகும்போது மியூட் செய்யச் சொல்லுங்கள். கழிவறைக்குப் போனாலும் ஒளிபரப்பு தொடரும்.

அடுத்தது கலவை. மைக்கின் ஒலி வரும்போது கருவியின் சொந்த மைக்குகள் எவ்வளவு திறந்திருக்க வேண்டும்? முழுக்கத் திறந்திருந்தால் இரைச்சல் அந்த வழியாக நுழைந்து, சம்பாதித்த 20 டெசிபலைத் தின்றுவிடும். முழுக்க மூடினால் பக்கத்தில் இருப்பவர் கூப்பிடுவது கேட்காது. சுற்றுச்சத்தம் மைக் ஒலியைவிட 10 டெசிபல் தாழ்வாக இருப்பதிலிருந்து தொடங்கி, ஆப்பிலோ ஆடியாலஜிஸ்டிடமோ கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஓட்டை போட்ட திறந்த டோம் (காதுக்குள் போகும் மென்மையான குமிழ்) போட்டிருப்பவர்களுக்கு இதிலும் ஒரு வரம்பு இருக்கிறது. கருவியின் மைக்கை மூடினாலும் இரைச்சல் நேரே காதுக்குள் போகும், மைக்கிலிருந்து வரும் கனமான ஒலியும் வெளியே கசியும். உணவகமும் கூட்டமும் அன்றாடம் என்றால் மூடிய டோமோ அச்சு எடுத்த மோல்டோ போட்டுப் பாருங்கள். டோமை மாற்றினால் கருவியின் அமைப்பையும் ஆடியாலஜிஸ்ட் மாற்ற வேண்டும், வீட்டில் தானாக மாட்டிக்கொண்டால் கீச்சிடவும் செய்யும், ஒலியும் கோணலாகும்.

காலர் மைக்கின் உண்மையான பலவீனம் வேறு: அது ஒரு நிறுவனத்துக்கு வாழ்க்கைப்பட்டது. கருவியை வேறு நிறுவனத்துக்கு மாற்றினால் மைக் வீணாகும். ரோஜர் மைக்குகளுக்கு மட்டும் ஒரு பின்வாசல் உண்டு. கழுத்தில் போடும் ரோஜர் நெக்லூப் வழியாக, டெலிகாயில் உள்ள எந்தக் கருவிக்கும் ஒலியைக் கொடுக்கலாம். ஆகவே நாலைந்து வருடம் ஓடிய கருவிக்குப் புது மைக் வாங்குவதானால் நெக்லூப் வழி சரி. இல்லையென்றால் அடுத்த கருவியோடு சேர்த்து வாங்குவதே உசிதம். 2022ல் பெயர் சூட்டப்பட்ட ஆராகாஸ்ட் என்ற புளூடூத் ஒளிபரப்பு முறை இந்தப் பூட்டை உடைக்கக்கூடும். புதுக் கருவி வாங்குபவர்கள் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள், ஆனால் அதற்காக மட்டும் காத்திருக்காதீர்கள்.

திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒருவர் 3 மீட்டர் தள்ளி, முதுகைக் காட்டி நின்று, குழாயைத் திறந்துவிட்டு, சாதாரணக் குரலில் இருபது எண்களைச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். பிறகு காலரில் மைக்கோடு வேறு இருபது. தேறிய எண்ணிக்கை கணிசமாகக் கூடவில்லை என்றால், ஒரு காதில் மட்டும் பேரிங் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி நடப்பது அதுதான். இரண்டு கருவிகளையும் அணைத்துப் போட்டு, இரண்டையும் மைக்குக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பேரிங்கை மறுபடி செய்தால் சரியாகிவிடும்.

பிற்பாடு ஒலி மந்தமானால் காலர் மைக்கே ஒரு சோதனைக் கருவி. மைக் வழியாக வருவது தெளிவாகவும் சுற்றுச்சத்தம் மட்டும் மங்கலாகவும் இருந்தால் காதுக் கருவியின் மைக் துளையில் அழுக்கு. இரண்டுமே மங்கல் என்றால் வேக்ஸ் கார்டு (காது அழுக்கைத் தடுக்கும் சிறு வடிகட்டி) அடைத்திருக்கிறது, மாற்றிப் பாருங்கள். மைக் வழி மட்டும் மங்கல் என்றால் பேசுபவரின் மார்பைப் பாருங்கள், தலைகீழாக மாட்டியிருப்பார்.