எந்தக் கல்லூரியில் சேர்வது என்று யாரைக் கேட்பது: பைக்கில் வந்தவரா, வாத்தியாரா, பக்கத்துத் தெரு அண்ணனா?

பள்ளிபாளையத்தில் எங்கள் சந்துக்குள் பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே ஒரு பைக் வந்து நிற்கும். இன் பண்ணிய சட்டை, கழுத்தில் கல்லூரி அட்டை, கையில் வழுவழுப்பான புத்தகம். தனியார் பொறியியல் கல்லூரிக்கு ஆள் பிடிக்க வருபவர். அண்ணனுக்காக வந்தவர் அம்மாவிடம், "அக்கா, தம்பி மார்க்குக்குச் சீட்டு ரெடிங்க. கவுன்சிலிங்னு போனா எங்கியோ திருநெல்வேலிப் பக்கம் தள்ளி உட்ருவாங்க" என்றார். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "ஏனுங் சார், பஸ்ஸு நம்ம முக்குக்கு வருங்களா?" வருமென்றார். வந்தது. அவர் சொன்னதில் நடந்தது அது மட்டும்தான்.

அண்ணனுக்குக் கிடைத்தது நிர்வாக ஒதுக்கீட்டுச் சீட்டு, அதாவது அரசுக் கவுன்சிலிங் இல்லாமல் கல்லூரியே நேராகக் கொடுப்பது. முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தவருக்குத்தான் உண்டு. அதை அவர் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. மூன்று வருஷம் கழித்து நான் பிளஸ் டூ முடித்து பொறியியல் கவுன்சிலிங்குக்கு விண்ணப்பித்தபோது அண்ணன் கடைசி வருஷம். வீட்டில் ஏற்கெனவே ஒருவர் கல்லூரியில் இருக்கிறார் என்று முதல் பட்டதாரிச் சான்றிதழ் எனக்கும் வராமலே போனது. ஒரே வீட்டில் இரண்டு பேர் படித்தோம், சலுகை ஒருவருக்கும் இல்லை.

அதற்காகப் பைக்கில் வருபவரைத் திட்டித் தீர்க்கவும் மனசு வரவில்லை. பாதிப்பேர் அந்தக் கல்லூரியிலேயே பாடம் எடுப்பவர்கள். இத்தனை பேரைச் சேர்த்தால்தான் வேலை நிலைக்கும் என்று கேன்வாஸுக்கு விரட்டப்பட்டவர்கள். ஒரு விஷயத்தில் மற்ற இருவரையும் அவர் தோற்கடித்துவிடுகிறார். தறி நின்று அம்மா அப்பா வீடு திரும்புகிற நேரம் பார்த்து வருகிறார், பிள்ளையிடம் பேசாமல் பெற்றவர்களிடம் பேசுகிறார், மகளிர் குழுக் கடன் தவணை முடிகிற மாதம் வரைக்கும் விசாரிக்கிறார். ஆனால் கணக்கைத் திறந்து காட்டுவதில்லை. 2017-ல் கட்டணக் குழு வகுத்தபடி தனியார் பொறியியல் கல்லூரியில், தர அங்கீகாரம் பெறாத பாடப்பிரிவில், அரசு ஒதுக்கீட்டுச் சீட்டுக்கு வருஷம் 50,000 ரூபாய், அதே வகுப்பில் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 என்று இருந்தது. பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அதே பாடத்தைக் கேட்பவர்களுக்கு இந்த வித்தியாசம். அட்வான்ஸோடு அசல் மார்க் ஷீட்டையும் டிசியையும் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். அசலைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று கல்லூரிகளைக் கண்காணிக்கும் மத்திய அமைப்புகளான யுஜிசியும் ஏஐசிடிஇயும் சொல்லியிருக்கின்றன, ஆனால் முதல் தலைமுறை வீட்டில் யார் போய்ச் சண்டை போடுவது?

அடுத்தது பள்ளிக்கூடத்து வாத்தியார். 2022-ல் வந்த அரசின் நான் முதல்வன் திட்டமும், மேற்படிப்புக்கு வழி சொல்கிற கல்லூரிக் கனவு நிகழ்ச்சிகளும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும் அவர் பக்கம் இருக்கின்றன. சொல்கிற தகவல் சரியாகத்தான் இருக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2020-ல் மருத்துவத்துக்கும் 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் முதலியவற்றுக்கும் வந்தது. அதில் பொறியியல் சீட்டு கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. தறி ஓட்டுகிற வீட்டுக்கு இதைவிடப் பெரிய சேதி கிடையாது.

ஆனால் பிளஸ் டூவில் சொல்வது சிலருக்குக் காலம் கடந்த புத்தி. எங்கள் பக்கம் பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, கொஞ்சம் மார்க் எடுத்தவுடன், பிளஸ் ஒன்னுக்கு நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறோம். பிராய்லர் கோழி வளர்ப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கடன் வாங்கிக் கட்டுவோம். அந்த இரண்டு வருஷத்தில் 7.5 கைவிட்டுப் போகிறது. பத்தாவது ரிசல்ட் அன்றே ஒருவர் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். வாத்தியார் வீட்டுக்கு வருவதில்லை. அவரிடம் பைக் இருக்கிறது, நேரந்தான் இல்லை.

மூன்றாவது, போன வருஷமோ அதற்கு முன் வருஷமோ கவுன்சிலிங்கில் போன பக்கத்துத் தெரு அண்ணன். வேண்டிய கல்லூரிகளை ஆன்லைனில் வரிசையாகப் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங்கில் அவனை மிஞ்ச ஆளில்லை. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம், ஆசைப்படுகிற வரிசையில் போட வேண்டும் என்பதை அவன்தான் புரிய வைப்பான். கட் ஆஃப் 150 என்றாலும் கோவை அரசுப் பொறியியல் கல்லூரியான ஜிசிடியை முதலில் எழுதுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை, கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும். பிரவுசிங் சென்டரில் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கொடுத்துவிட்டு வந்தால் யாரோ ஒருவர் தனக்கு வேண்டிய கல்லூரியை மேலே போட்டுவிடுவார் என்று எச்சரிப்பவனும் அவன்தான். குறை என்னவென்றால் அவனுக்குத் தெரிந்தது அவன் கல்லூரி மட்டும். யாரைப் பார்த்தாலும் "சிஎஸ்இ எடுறா" என்று கம்ப்யூட்டர் படிப்பையே சொல்வான். கலைக் கல்லூரி என்றால் உதட்டைப் பிதுக்குவான்.

அரசுக் கலைக் கல்லூரிக்காக இந்த மூவரில் யாரும் வாய் திறப்பதில்லை. திருப்பூர் சிக்கண்ணா கல்லூரிக்கு ஆள் பிடிக்க எவரும் பைக்கில் வரமாட்டார்கள். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண், பையனுக்குத் தமிழ்ப்புதல்வன் என்று அரசுத் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய். தமிழ்ப்புதல்வனைத் தொடங்கி வைத்ததே 2024 ஆகஸ்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான்.

என்னைக் கேட்டால், பத்தாவது முடிக்கும்போது வாத்தியாரைத் தேடிப் போங்கள். கவுன்சிலிங் நேரத்தில் அந்த அண்ணனை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எந்தப் பாடம் என்று மட்டும் அவனிடம் கேட்காதீர்கள். பைக்கில் வருபவருக்கு டீ கொடுங்கள், எந்த ஒதுக்கீடு, ரசீதில் என்ன தொகை என்று கேளுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள்.

போன வருஷம் எங்கள் சந்தில் ஒரு தங்கச்சிக்கு 7.5-ல் சித்தோட்டில் இருக்கிற அரசுப் பொறியியல் கல்லூரி கிடைத்தது. உத்தரவைப் படித்துக் காட்டினேன். அவள் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அங்கெ போறதுக்கு பஸ்ஸு?"

"ஈரோட்டுல மாறோணுங்க்கா."

"அப்ப ஆறரைக்கு சோறு ஆக்கீரோணும்" என்று சொல்லிவிட்டுத் தறிக்குக் கிளம்பினார்.