யனகாவா, ஷிபமாட்டாவா? டோக்கியோவில் அரை நாள் கையில் இருந்தால்

டோக்கியோவின் பழைய முகத்தைப் பார்க்க வேண்டும் என்றால் எல்லாரும் அசகுசாவுக்குத்தான் கை காட்டுவார்கள். அங்கே போனால் பாதி நேரம் முன்னால் போகிறவரின் முதுகைத்தான் பார்ப்போம். காலாற நடக்க நினைப்பவர்களுக்கு வேறு இரண்டு பேட்டைகள் உண்டு: யனகா, ஷிபமாட்டா.

போய்ச் சேருவதில் யனகாவுக்கே வெற்றி. நகரைச் சுற்றி ஓடும் யமனோதே ரயிலில் நிப்போரி நிலையத்தில் இறங்கி, மேற்கு வாசலில் வெளியே வந்தால் சில நிமிட நடைதான். ஷிபமாட்டாவுக்கு அதே நிப்போரியில் கெய்செய் ரயில் பிடித்து, தகசகோவில் மாறி, அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும்.

1923 நிலநடுக்கத்தின் தீயிலும் 1945 குண்டுவீச்சிலும் யனகாவின் பெரும்பகுதி தப்பித்துவிட்டது. அதனால்தான் சந்துக்குச் சந்து கோயில், நடுநடுவே மரவீடு. ஜப்பானை ஆண்ட படைத்தலைவர்களான ஷோகுன்களில் கடைசியானவர், தொகுகவா யொஷினொபுவின் சமாதியும் இங்குள்ள கல்லறைத் தோட்டத்தில்தான். எனக்குப் பிடித்தது ஒரு முச்சந்தியில் சின்ன ரொட்டிக்கடையின் மேல் குடைவிரித்து நிற்கும் தேவதாரு. யாரோ தொட்டியில் வைத்த இமயமலைக் கன்று, இன்று கடையே அதன் நிழலுக்குள் அடக்கம். ஆனால் கடைத்தெருவான யனகா கின்ஸா, வார இறுதியில் இன்னொரு அசகுசா ஆகிவிடுகிறது. அங்கே பேர்போன மென்ச்சி கட்ஸு கொத்துக்கறி வைத்துப் பொரித்தது; சைவக்காரர்கள் தள்ளி நின்று வாசம் பிடிக்கலாம்.

ஷிபமாட்டாவில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கையில் பெட்டியோடு ஒரு சிலை திரும்பிப் பார்த்து நிற்கும். 1969-ல் தொடங்கிய திரைப்பட வரிசையின் நாயகன், ஊர் ஊராகச் சுற்றும் வியாபாரி தோரா-சான். படத்தில் அவன் குடும்பத்தார் நடத்துவது இவ்வூரில் ஒரு டாங்கோ, அதாவது அரிசி மாவு உருண்டைக் கடை. கோயிலுக்குப் போகும் கடைத்தெரு ஏறக்குறைய 200 மீட்டர்தான். ஒரு மிட்டாய்க் கடையில் கத்தி பலகையில் தாளம் போடும் சத்தம் வாசல் வரை கேட்கும். யோமோகி இலை சேர்த்த பச்சை டாங்கோ வாங்கிக்கொள்ளுங்கள். யோமோகி நம் மரிக்கொழுந்தின் இனம். அரிசி மாவு உருண்டையும் இனிப்புப் பயறு விழுதுமாக, நாக்குக்குக் கொழுக்கட்டை நினைவு வரும்.

தெரு முடிவில் 1629-ல் எழுந்த தைஷாகுதென் கோயில். தைஷாகுதென் வேறு யாருமில்லை, நம் இந்திரன்தான். பௌத்தத்தோடு சீனம் வழியாக இவ்வளவு தூரம் வந்துவிட்டான். மண்டபத்தின் வெளிச்சுவர் முழுக்க மரச்சிற்பம், தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலின் கதைகள். மழை வெயிலுக்குக் காப்பாகக் கண்ணாடிக் கூடு கட்டியிருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, மூக்கு கண்ணாடியில் இடிக்கும் அளவு கிட்டப் போகலாம். உளி இழுத்த தடம் வரை தெரியும். இதற்குச் சமமாக யனகாவில் ஒன்றும் இல்லை. கட்டணம் உண்டு, யோசிக்காமல் கொடுங்கள்.

கோயிலுக்குப் பின்னால் எடோ என்ற ஆறு. துடுப்புப் படகில் அக்கரைக்குப் போனால் சிபா மாகாணம். குளிர்காலம் என்றால் படகு பெரும்பாலும் வார இறுதிகளில்தான் ஓடும், காற்று பலமாக அடித்தால் அதுவும் இல்லை.

என் ஓட்டு ஷிபமாட்டாவுக்கு. மாலை விமானம், பெட்டியும் கையில் இருக்கிறது என்றால் மட்டும் யனகா போதும். முழு நாள் இருந்தால் சண்டையே வேண்டாம்: காலையில் ஷிபமாட்டா, மதியத்துக்கு மேல் அதே கெய்செய் ரயிலில் நிப்போரி. யனகா கின்ஸா தொடங்கும் படிக்கட்டு மேற்கு பார்த்தது. பொழுது சாயும்போது மேல்படியில் உட்கார இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.